நான்காவது மரத்தின் வாசம்

ஜனவரி 19, வெள்ளி

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை மரகதவல்லி டீச்சர் என் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரும் பிப்ரவரி இரண்டாம் தேதி மலையடிவாரத் தாவரத் தோட்டத்துக்குக் களப்பயணம் போகிறார்களாம். "அங்க இருக்கற மரஞ்செடி ஒவ்வொண்ணையும் நம்ம அறிவியல் சார் சென்னியப்பன் வெளக்கிச் சொல்லுவாரு" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய?

இந்த நோட்டில் மட்டுமாவது உண்மையை எழுதுகிறேன். நான் படித்தது இயற்பியல். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் என்றால் காந்தமும் அவர்தான், கத்தரிச்செடியும் அவர்தான். பதினாறு வருடமாகச் செம்பருத்திப் பூவின் பாகங்களைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறேன். ஆனால் வேம்பு, புளி, தென்னை, முருங்கை, ஆல், இந்த ஐந்தைத் தாண்டினால் எனக்கு எல்லாமே வெறும் மரம்தான்.

மதியம் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "ஏனுங்க டீச்சர், தோட்டத்துல வெளக்கிச் சொல்றதுக்கு ஆளுக இருப்பாங்கல்ல?"

"நீங்க இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க சார்?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

டவுன் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். "கல்யாணமாகி இருவது வருசத்துல என்னைய ஒரு பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனதில்ல, இப்ப மட்டும் தனியாக் கெளம்பறீங்க" என்று சாந்தாமணி வாசலில் நின்று சொன்னாள். என் மனைவி எதைச் சொன்னாலும் தெருவே கேட்கும்படிதான் சொல்லுவாள்.

போனது நல்லதாகப் போயிற்று. முன்வாசலில் நுழைந்தால் ஒரே கல்பாதை. பாதையோரம் வரிசையாக இருபத்திரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் பச்சைத் தகரப் பலகையில் பேர் எழுதித் தொங்குகிறது. அப்பாடா! தனிமங்களின் அட்டவணையையே தலைகீழாக ஒப்பித்தவனுக்கு இருபத்திரண்டு பேர் ஒரு பொருட்டா? ஒன்று மருதம், இரண்டு நாகலிங்கம், மூன்று இலுப்பை, நான்கு சந்தனம் என்று எண் போட்டு எழுதிக்கொண்டே நடந்தேன்.

தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா குப்பை கூட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்து வேலைக்காரர். பேர் பாவாயி என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, ரோடு அளக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. மரங்களப் பத்தி ஒரு ஆராய்ச்சி."

"மரத்த ஏறெடுத்தே பாக்காமயா?"

அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஐந்தாவது மரத்துக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

மறுபடி தோட்டம். கண்ணை மூடிக்கொண்டு பதினேழு வரை ஒப்பித்தபடி நடந்து பாவாயக்காவின் சருகுக் கூடையில் காலை விட்டேன். "பலகைல என்னங்க சார் இருக்குது, நெமுந்து மரத்தப் பாருங்க" என்கிறது. எனக்கு நேரமில்லை. இன்னும் ஐந்து பேர் பாக்கி.

ஜனவரி 31, புதன்

சாந்தாமணி தோசை திருப்பிக்கொண்டே பட்டியலைப் பிடித்துக் கேள்வி கேட்டாள். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு! பதினொன்று ஆலமரம், பன்னிரண்டு நெல்லி, பத்தொன்பது மகாகனி. எந்த எண்ணைக் கேட்டாலும் பேர் வந்து விழுகிறது. "பரவால்லயே" என்று இன்னொரு தோசை வைத்தாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

களப்பயணம் நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். கால் வலி.

பிப்ரவரி 3, சனி

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு சுவிட்சே போடவில்லை என்றான். சட்டைகள் துவைத்தேன். மதியம் அரசாணிக்காய்ப் பொரியல்.

நேற்றைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. மலர்க்காட்சி வருகிறதாம், பெயிண்ட் அடிப்பதற்காக எல்லா மரத்துப் பலகைகளையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதனால் எனக்கென்ன, எனக்குத்தான் வரிசை மனப்பாடமாயிற்றே.

பிப்ரவரி 5, திங்கள்

மரகதவல்லி டீச்சர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். "மாணவர்கள் சந்தன மரத்தின் நறுமணத்தை நேரில் நுகர்ந்து உணர்ந்தனர்" என்று ஒரு வரி. அந்த இடத்தில் குரலை உயர்த்தி இன்னொரு தரம் வாசித்தார்.

பிள்ளைகள் களப்பயணக் குறிப்பு எழுதிய நோட்டுகளைத் திருத்தினேன். எல்லா நோட்டிலும் சந்தன வாசம்தான். "கோயிலுக்குப் போன மாதிரி இருந்தது" என்று ஒருத்தன். "கையெல்லாம் மணத்தது, அம்மாவிடம் காட்டினேன்" என்று ஒருத்தி. முப்பத்தேழு நோட்டுக்கு 'மிக நன்று' போட்டேன்.

முப்பத்தெட்டாவது நோட்டு பிரகல்யாவுடையது. "சந்தன மரத்தில் எனக்கு மட்டும் வாசம் வரவில்லை. என் மூக்கு சரியில்லை. மன்னிக்கவும் சார்" என்று எழுதியிருந்தாள். அதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

மை தீரவில்லை. சும்மா எழுதினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

அன்று முன்வாசலில் மலர்க்காட்சிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் டிரைவர் பஸ்ஸைப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே நுழைந்தால் அதே கல்பாதை, அதே மர வரிசை. பலகை ஒன்றும் இல்லை. நான் பாட்டுக்கு ஒன்று மருதம், இரண்டு நாகலிங்கம் என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் விழுந்தடித்து எழுதினார்கள்.

நான்காவது மரத்தடியில் "இதுதான் சந்தனம், எல்லாரும் மோந்து பாருங்க!" என்றேன். தியானேஷ்தான் முதலில் மூக்கை வைத்தான். அவன் எதிலும் முதல். "ஆஹா! சூப்பரா வருதுங்க சார்!" அவ்வளவுதான், மரத்தைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. எனக்கும் வருது, எனக்கும் வருது என்று கூச்சல். பிரகல்யா மட்டும் மூன்று தரம் மோந்துவிட்டு, "எனக்கு வரலீங்க சார்" என்றாள்.

"மூக்குல சளியா புள்ள?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பதினொன்றாவது மரத்தில் விஷயம் உறைத்தது. என் பட்டியலில் பதினொன்று ஆலமரம். எனக்குத் தெரிந்த ஐந்தில் ஒன்று. அங்கே நின்ற மரத்தில் ஒரு விழுதும் இல்லை. பின்வாசலில் நுழைந்தால் வரிசை தலைகீழ் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. என்ன செய்தேன்? "இது எளம் ஆலமரம், விழுது இனிமேத்தான் விடும்" என்றேன். மரம் மூன்று மாடி உயரம்.

அடுத்ததாக நின்றது நிஜ ஆலமரம். பந்தல் கால் மாதிரி விழுதுகள். என் பட்டியல்படி நான் அதைக் காட்டி நெல்லி என்று சொல்ல வேண்டும். "எல்லாரும் சாப்பாட்டப் பிரிங்க" என்று சொல்லிவிட்டேன். மணி பத்தரை. புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒளிந்து விளையாடச் சொன்னேன், களப்பயணம் முடிந்தது.

இரவு கணக்குப் போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு மரம்; பின்னாலிருந்து நான்காவது என்றால் முன்னாலிருந்து பத்தொன்பதாவது. முப்பத்தேழு பிள்ளைகளுக்குச் சந்தன வாசம் கொடுத்தது மகாகனி.

போகட்டும். நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பிப்ரவரி 8, வியாழன்

மறக்கவில்லை. பிரகல்யாவுக்குச் 'சளிமூக்கு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டு இரண்டு பேரை அதட்டினேன்.

இன்று எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் தாளை நனைக்கும் சோதனை. நனைத்தது பிரகல்யா. தாள் அவள் கையிலேயே சிவந்துவிட்டது. "என்ன நெறம்?" என்று கேட்டேன். வழக்கமாக நான் கேட்டு முடிக்கும் முன்னே சொல்லுகிறவள், தாளைப் பார்த்தாள், பிறகு பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தாள்.

"நீ சொல்லு புள்ள."

"அவிய என்ன சொல்றாங்களோ அதுதாங்க சார்."

கையில் சிவப்புத் தாளை வைத்துக்கொண்டு சொல்கிறாள்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று எழுதத் தேவையில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பிரகல்யாவின் அம்மா ரேவதி பனியன் கம்பெனிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்தார். கையில் விடுப்புக் கடிதம். "மூக்குப் பரிசோதனைக்காக என் மகளுக்கு வரும் 19ஆம் தேதி விடுப்பு வேண்டும்."

"பத்தொம்பதாந்தேதி திங்கக்கெழம காது மூக்கு தொண்டை டாக்டரு வர்றாருங்க சார். டோக்கன் போட்டாச்சு. பாவம், ஊட்ல ஊதுபத்தி, சோப்பு, பெருங்காயம், எல்லாத்தையும் எடுத்து எடுத்து மோந்து பாத்துட்டே இருக்குதுங்க. வாசம் வருதுன்னு அவ சொன்னாலும் அவளுக்கே நம்பிக்கையில்ல. 'எனக்கு வர்றது நெசமான வாசமாம்மா'ன்னு கேக்கறா."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். "டாக்டர்கிட்டக் காட்டறது நல்லதுதானுங்க" என்று சொன்னேன். கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டபோது பிரகல்யா மட்டும் திரும்பப் போய் அந்த நான்காவது மரத்தில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்போது எனக்கு அது சந்தனம் இல்லை என்று தெரியும். "போதும் வா புள்ள, எல்லாருக்கும் எல்லாம் வராது" என்று கூப்பிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இன்றோடு எட்டு. கெட்டிக்காரன் என்ற பேராவது மிஞ்சட்டும் என்று தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

பலகைகளைப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டிவிட்டார்கள். பாவாயக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நானும் அங்கதானுங்க இருந்தேன். நீங்க சொன்னதெல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்தேன். புள்ளைகளுக்கு முன்னால வாத்தியார எப்படிங்க திருத்தறதுன்னு கம்முனு இருந்துட்டேன்." கூட்டுமாரை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "நானுஞ் சொல்லியிருக்கோணும்" என்றது.

பிறகு என்னை முன்வாசலிலிருந்து நான்காவது மரத்துக்கு, அசல் சந்தனத்துக்குக் கூட்டிப்போய், "இப்ப மோந்து பாருங்க" என்றது. மோந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தி மோந்தேன்.

"வராதுங்க சார். பட்டையிலயும் வராது, எலையிலயும் வராது. வருசக்கணக்கா நின்னு உள்ள வைரம் பாயோணும். அத வெட்டி எடுத்தாத்தான் வாசம்."

அப்படியானால் அன்று அசல் சந்தனத்தின் முன்னால் நிறுத்தியிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு வாசம் வந்திருக்காது. வகுப்பிலேயே ஒழுங்காக வேலை செய்த மூக்கு அது ஒன்றுதான். அதைத்தான் டாக்டரிடம் அனுப்பி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

வகுப்பில் சொல்லிவிட்டேன். பாதி இரவு ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோய், "அன்னிக்கு நாஞ் சொன்ன மரம் அத்தனையும் தப்பு. அது சந்தனமே இல்ல. பிரகல்யா மூக்குல ஒரு கோளாறும் இல்ல" என்று மட்டும் வந்தது.

தலையை வெட்டிக் கொடுக்கிறேன் என்று போய் நின்றால், வாங்கிக்கொள்ள ஆளில்லை! ஒருவரும் நம்பவில்லை.

"அதெப்படிங்க சார், எனக்கு நெசமாவே வந்துச்சே" என்றான் தியானேஷ்.

"என்ற கையில சாயங்காலம் வரைக்கும் மணத்துச்சுங்க சார்!"

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "பிரகல்யா வெசனப்படக் கூடாதுன்னு சார் பொய் சொல்றாரு" என்றாள். வகுப்பே தலையாட்டியது. எவ்வளவு நல்ல சார் என்று பார்க்கிறார்கள் என்னை. பிரகல்யாவும் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்லீங்க சார், அதான் டோக்கன் போட்டாச்சே" என்றாள்.

என் பொய்யை மோந்து பார்த்து நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தலைமையாசிரியை அறை. எல்லாவற்றையும் சொல்லி, பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டேன். மரகதவல்லி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நுகர்ந்து உணர்ந்தனர்னு அறிக்கை போயாச்சுங்க சார். இப்பப் போயி நுகரலன்னு எப்படி எழுதறது?"

"நான் எழுதித் தர்றனுங்க. தப்பு என்னுதுன்னே எழுதறேன்."

"மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க டீச்சர். ஒரு புள்ள தன்ற மூக்கையே நம்ப மாட்டீங்குது."

நான் அப்படிப் பேசி அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கடைசியில், "சனிக்கெழம, உங்க பொறுப்புல, பெத்தவங்க கையெழுத்தோட. பஸ்ஸெல்லாம் கேக்காதீங்க" என்றார். நான் வெளியே வரும்போது, "ஏனுங்க சார், அந்த நாகலிங்கமும் தப்பா?" என்று கேட்டார். தப்புத்தான் என்றேன். "அதையும் எழுதியிருந்தேன்" என்று கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 17, சனி

டவுன் பஸ்ஸில் இருபத்தாறு பிள்ளைகள். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்த நோட்டில் இடமில்லை. பிரகல்யாவின் அம்மா ரேவதியும் வந்தார்.

பாவாயக்காவிடம் முன்பே சொல்லி நான்காவது மரத்துப் பலகையைச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தேன். "இது என்ன மரம்னு சொல்ல மாட்டேன். மோந்து பாருங்க. என்ன வருதோ அதச் சொல்லுங்க" என்றேன்.

ஒருவர் பின் ஒருவராக மூக்கை வைத்தார்கள். வைத்துவிட்டு ஒரு பயலும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் மரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விடை அங்கேதான் எழுதியிருக்கும் என்று நினைப்பு. பதினாறு வருடமாக இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் போல. நான் கவனித்ததே இல்லை.

திரும்பி நின்றுகொண்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒண்ணும் வரலீங்க சார். மண்ணு வாசம் மட்டும் கொஞ்சமா வருது."

பிரகல்யா. நான் திரும்பவில்லை. இன்னொரு குரல், "எனக்கும் வரலீங்க சார்." அப்புறம் இன்னொன்று. தியானேஷ் மட்டும், "எனக்கு மல்லிப்பூ வாசம் வருதுங்க சார்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மல்லிப்பூ பாவாயக்கா தலையில் இருந்தது. ஆனால் அவன் சொன்னதும் சரிதான், வந்ததைத்தானே சொன்னான்.

பாவாயக்கா சாக்கை எடுத்தது. பலகையில் 'சந்தனம்' என்று இருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வைரம் பாய்கிற கதையை அதுவே சொன்னது, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லோரும் கடைசிவரை நடந்து பழைய மரத்தடிக்குப் போனோம். 'மகாகனி' என்ற பலகையை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார்கள்.

தியானேஷ் மரத்தைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப அன்னிக்கு எங்களுக்கு வந்துச்சே, அது என்ன வாசங்க சார்?"

"அது நாஞ் சொன்ன வாசம்டா" என்றேன்.

ரேவதிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "அப்ப இவ மூக்குல ஒண்ணுமே இல்லீங்களா சார்? நாங்கூடப் பயந்தே போயிட்டேன்" என்றார். பிரகல்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னே பார்த்த மாதிரி, நேராக.

"சார், அன்னிக்கு நீங்களும் மோந்து பாத்தீங்கள்ல?"

"ஆமா புள்ள."

"உங்களுக்கு வாசம் வந்துச்சுங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இந்த நோட்டில்கூட நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. தியானேஷ் ஆஹா என்றதும், பிள்ளைகள் எல்லாம் வருது வருது என்றதும் நானும் குனிந்து மோந்தேன். வந்தது. நல்லா, கோயில் சந்தனம் மாதிரியே வந்தது.

"வந்துச்சு புள்ள" என்றேன்.

பிரகல்யா என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. பாவம் என்ற பார்வைதான். பிறகு அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, திங்கக்கெழம டோக்கன சாருக்குக் குடுத்தரலாம்."